ஆடி போகட்டும்

கோட்டை வராந்தாவில் கிடந்த அந்த பெஞ்சை, யாரும் நிம்மதியாக உட்கார்ந்துவிடக் கூடாது என்றே ஒரு ஆசாரி பார்த்துப் பார்த்துச் செய்திருக்க வேண்டும். சாய்ந்தால் முதுகில் ஆணி, சாயாவிட்டால் இடுப்பு செத்துப்போகும், பலகை இடுக்கில் மூட்டைப்பூச்சி வேறு. டாக்டர் தையல்நாயகி ஆபீஸ் திறந்ததிலிருந்து அதில்தான் உட்கார்ந்திருந்தாள். பட்டணத்தில் பாதிப் பிள்ளைகளை வெளியே எடுத்துப்போட்ட கை என்று சொல்வார்கள். அந்தக் கை இப்போது மடியிலிருந்த தந்தியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தது. பிரித்தால் என்ன, புதிதாக ஒரு எழுத்து முளைத்துவிடப் போகிறதா? ட்ரியெஸ்ட் வந்துவிட்டோம், வியாழக்கிழமை கப்பல், விசா இல்லாமல் ஏற்ற மாட்டார்கள், ஹெர்த்தா, ரூத். அவ்வளவுதான். ஹெர்த்தா வியன்னாவில் தையல்நாயகியோடு ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த டாக்டர், யூதப் பெண். ரூத் அவளுடைய ஆறு வயசு மகள். ட்ரியெஸ்ட் இத்தாலிக்காரனுடைய துறைமுகம். இதோ, எதிரே இருக்கிற இந்த அரைக்கதவுக்கு உள்ளேயிருந்து அந்த ஊரில் விசா கொடுக்கிற பிரிட்டிஷ் கான்சலுக்கு ஒரே ஒரு தந்தி போனால் போதும், தாயும் மகளும் கப்பல் ஏறிவிடுவார்கள், பம்பாயில் இறங்குவார்கள், அங்கே போய் அழைத்துவர வேண்டியது தன் பொறுப்பு. போகாவிட்டால்? அந்த இடத்துக்கு வந்ததும் மனசு சண்டி மாடு மாதிரி நின்றுவிட்டது. அடித்தாலும் நகரவில்லை. வெளியே பட்டாளத்துக்காரர்கள் அணிவகுத்துக்கொண்டிருந்தார்கள், பூட்ஸ் சத்தம் வந்துகொண்டே இருந்தது. நேற்று ராத்திரிதான் ரேடியோவில் சொன்னார்கள், ஜெர்மனியோடு சண்டை மூண்டுவிட்டது என்று. இங்கிலீஷ்காரன் சண்டை போட்டால் நாமும் போட்டதாகத்தான் கணக்கு, நம்மை யார் கேட்டார்கள். காலையில் டிராமில் ஒருத்தர் சர்க்கரை விலை ஏறிவிடும் என்றார், இன்னொருத்தர் மண்ணெண்ணெய் என்றார். கேட்கிறபோதே அவளுக்கு அந்த டிராமிலிருந்து குதித்து ஓட வேண்டும்போல் இருந்தது. ஓடினால் மட்டும் சீக்கிரம் போய்விட முடியுமா? சண்டை என்றால் என்ன, ஹெர்த்தா இருப்பது இத்தாலியில். இத்தாலிக்காரன் இன்னும் சண்டையில் சேரவில்லை. கப்பல் ஓடுகிறது, கான்சல் இருக்கிறான், எல்லாம் இருக்கிறது, தந்தி மட்டும்தான் போக வேண்டும். இதைத் திருப்பித் திருப்பித் தனக்கே சொல்லிக்கொண்டாள், பரீட்சைக்குப் போகிற பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

ஒரு மாசம்தானே. இந்த வார்த்தையை யார் முதலில் சொன்னது, பெரியப்பாவா, தானா? அதைத்தான் காலையிலிருந்து தோண்டிக்கொண்டிருந்தது பாவி மனசு. சர்க்காருடைய சட்டம் என்னவோ பார்க்கச் சுளுவாகத்தான் இருந்தது. அகதி வரலாம்; ஆனால் இங்கே சொத்துள்ள ஒருத்தர் ஜாமீன் நிற்க வேண்டும். வந்தவள் சர்க்காருக்குப் பாரமாகக் கூடாது, இங்குள்ளவர் பிழைப்பில் கை வைக்கக் கூடாது, போதும் போ என்று சர்க்கார் சொல்லிவிட்டால் திருப்பி அனுப்புகிற கப்பல் செலவையும் ஜாமீன்தாரரே கொடுக்க வேண்டும். திருப்பி எங்கே அனுப்புவானாம்? அதை மட்டும் எழுதக் காணோம். கலியாணமாகாத லேடி டாக்டருடைய சம்பளம் சொத்தில் சேராது என்று சொல்லிவிட்டார்கள், ஆகவே பெரியப்பாவிடம் போய் நின்றாள். அம்பலவாண முதலியாருக்குச் சூளைப் பேட்டையில் மரவாடி, சொந்தமாக மாடி வீடு. அப்பா போனபிறகு அவளை வளர்த்ததும் அவர்தான், ஊர் சிரித்தபோது வியன்னாவுக்குப் படிக்க அனுப்பியதும் அவர்தான். ஒரு நொடி யோசிக்கவில்லை மனுஷர். "வீட்டையே வெக்கறேன் தையலு. யார் பெத்த பொண்ணோ, கைப்புள்ளையோட நடுத்தெருவுல நிக்குது. இதுக்குக்கூட உதவலேன்னா இந்தச் செங்கல்லும் சுண்ணாம்பும் எதுக்கு?" என்றார். அந்த நேரத்தில் அவர் காலில் விழுந்திருப்பாள். அடுத்த வார்த்தைதான் வினை. "ஆனா இப்ப ஆடி பொறந்துடுச்சேம்மா. ஆடியில ஒரு கையெழுத்தா? அதுவும் இத்தனை பெரிய காரியத்துக்கு? அந்தப் பொண்ணுக்கே ஏதாவது ஆயிடுச்சுன்னா நாளைக்கு நம்ம மனசு கேக்குமா? ஆடி போகட்டும்." ஆடி போகட்டும்! அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். ஏன் மூடினாய் தையல்நாயகி? நாலு எழுத்துப் படித்தவள்தானே நீ? சித்திரையில் பிள்ளை பிறக்கக் கூடாது என்று ஆடியில் புருஷன் பெண்டாட்டியைப் பிரித்துவைக்கிற ஊர் இது. சித்திரை வந்தால் பிரசவ வார்டில் கட்டில்கள் காலியாகக் கிடக்கும், நர்சுகள் சிரிப்பார்கள், அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். சிரிக்கத் தெரிந்தவளுக்குச் சண்டை போடத் தெரியவில்லை. பெரியப்பா மனசு நோகக் கூடாது என்று இருந்துவிட்டாள், அப்படித்தான் இத்தனை நாள் தனக்கே சொல்லிக்கொண்டிருந்தாள். அதுவும் பொய். வியன்னாவுக்குப் போனபோது ஆடி கழித்து ஆவணியில்தான் கப்பல் ஏறினாள், போன காரியம் ஜெயித்தது. அந்த ஞாபகம் எங்கேயோ அடியில் கிடந்தது. எதற்கு வம்பு, நல்ல நாளில் போட்டால் நல்லதுதானே என்று ஒரு துளி பயம் அவளுக்கும் இருந்தது. இருந்தது, ஆமாம், இருந்தது. ஆடிப்பட்டம் தேடி விதை என்றும் நாமே சொல்லுவோம், ஆடியில் எதையும் தொடங்காதே என்றும் நாமே சொல்லுவோம், எது சௌகரியமோ அதைப் பிடித்துக்கொள்வோம். ஆடி போயிற்று. ஆவணி பிறந்தது. மாசப்பிறப்பன்றைக்கு ஆபீஸ் வேலையா என்றார். மறுநாள் கரிநாள். அப்புறம் சனி, ஞாயிறு. கடைசியில் திங்கட்கிழமை குளித்து விபூதி பூசி, மஞ்சள் தடவிய பத்திரத்தில் பெரியப்பா கையெழுத்துப் போட்டார். என்ன ஒரு கையெழுத்து! அச்சில் வார்த்த மாதிரி இருந்தது.

"சூப்பிரண்டு ஐயா வந்துட்டாராப்பா?" என்று டவாலி போட்ட சேவகனை இன்னொரு தரம் கேட்டாள். "வந்துட்டாரும்மா. தொரை ரூம்ல இருக்காரு. காலைலேருந்து உள்ள ஒரே ரகளை, பெரிய சர்க்கார்கிட்டேருந்து, சிம்லாவுலேருந்து தந்தி மேல தந்தி" என்றான் அவன். அரைக்கதவு ஆடும்போதெல்லாம் கோந்தும் பழைய காகிதமும் கலந்த வாடை வந்தது. வியர்வையில் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வியன்னாவில் போய் இறங்கிய ராத்திரி இதற்கு நேர்மாறு, பல்லெல்லாம் தந்தியடித்த குளிர். ஏற்பாடு செய்திருந்த விடுதிக்காரி கதவைத் திறந்து இவள் நிறத்தைப் பார்த்தாள், ரூம் நிரம்பிவிட்டது என்றாள். அடுத்த வீட்டிலும் நிரம்பிவிட்டது. அந்தத் தெரு பூராவும் நிரம்பிவிட்டது. பனியில் நனைந்த பட்டுப்புடைவையோடு ஆஸ்பத்திரி வாசலில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தவளை, டியூட்டி முடித்துப் போன ஒருத்தி பார்த்து நின்றாள். குட்டை முடி, பெரிய மூக்கு, கையில் பாதி கடித்த ஆப்பிள். "நீ யார்" என்றுகூடக் கேட்கவில்லை. பெட்டியின் ஒரு பக்கத்துக் காதைப் பிடித்தாள், இன்னொரு காதை நீ பிடி என்று தலையை ஆட்டினாள். மூன்று மாடி ஏறினார்கள். ஹெர்த்தாவின் அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, அடுப்பில் வெந்நீர் வைத்தாள், தன் கம்பளிக் கோட்டை எடுத்துப் போர்த்தினாள். ஜாமீன் யார் என்று கேட்டாளா? எத்தனை நாள் இருப்பாய், எங்களுக்குப் பாரமாக மாட்டாயே, திரும்பிப் போகிற செலவு யாருடையது என்று கேட்டாளா? இரண்டு வருஷம் அந்த வீட்டில் இருந்தாள். ரசம் வைத்துக் கொடுத்தால் ஹெர்த்தா மூக்கைச் சிந்திக்கொண்டே குடிப்பாள், இது சூப்பா தண்டனையா என்பாள், இன்னும் ஒரு கிண்ணம் கேட்பாள். ரூத் பிறந்தபோது பிரசவம் பார்த்தது தையல்நாயகிதான். தலை வர வழியில்லாமல் ராத்திரி முழுக்கப் போராட்டம், வெளியே வந்த குழந்தை அழவில்லை, நீலம் பாரித்துக் கிடந்தது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கித் தட்டி, வாயோடு வாய் வைத்து ஊதி, அப்புறம்தான் ஒரு கத்தல் கத்தியது. அந்தக் கத்தலை நினைத்தாலே இன்றைக்கும் உள்ளங்கை சில்லிடும். அவ்வளவு பாடுபட்டுப் பிழைக்கவைத்த குழந்தை.

அப்புறம் வந்த கடிதங்களை நினைக்க வேண்டாம் என்று நினைத்தாள், நினைக்க வேண்டாம் என்றால் கேட்கிற மனசா அது. ஜெர்மன்காரன் ஆஸ்திரியாவைப் பிடித்துக்கொண்டதும் ஹெர்த்தாவை ஆஸ்பத்திரியை விட்டுத் துரத்தினார்கள். தெருவில் மண்டியிடவைத்துப் பிரஷ்ஷைக் கொடுத்துத் தரையைத் தேய்க்கச் சொன்னார்கள், சுற்றி நின்று சிரித்தவர்களில் இரண்டு பேர் அவளிடம் பிரசவம் பார்த்துக்கொண்ட பெண்கள். அவள் புருஷனை ஒரு விடியற்காலையில் பிடித்துக்கொண்டு போனார்கள். சில மாசம் கழித்து ஒரு தகர டப்பாவில் சாம்பல் வந்தது, கூடவே அதை அனுப்பிய செலவுக்கு ஒரு ரசீது. ஹெர்த்தாவின் அம்மா அந்த வாரமே போய்ச் சேர்ந்தாள். இத்தனையையும் ஹெர்த்தா ஒரு நோயாளியைப் பற்றிக் குறிப்பு எழுதுகிற மாதிரிதான் எழுதினாள், ஒரு ஐயோ கிடையாது. ஆடி மாசம் வந்த கடிதத்தில்தான் முதன்முதலாகக் கேள்வி கேட்டிருந்தாள். ஷாங்காய்க்குப் போகிற கப்பலில் இரண்டு இடம் கிடைக்கிறதாம், அந்த ஊருக்கு விசாவே வேண்டாமாம். ஆனால் அங்கே யாரையும் தெரியாது, ரூத்துக்கு மார்ச்சளி. எடுத்துக்கொள்ளட்டுமா, அல்லது உன் காகிதம் நிச்சயம் வருமா, நீ சொல்வதைக் கேட்கிறேன் தையல். நீ சொல்வதைக் கேட்கிறேன்! பெரியப்பா வீட்டையே வைக்கிறேன் என்று சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை அப்போது. தையல்நாயகிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நிச்சயம் வரும், இங்கே ஒரு சின்னச் சம்பிரதாயம், ஒரு மாசம்தான், காத்திரு என்று தந்தி அடித்தாள். ஆடி மாசத்தை ஆஸ்திரியாக்காரிக்கு எப்படி விளங்கவைப்பது? அதனால் சின்னச் சம்பிரதாயம் என்று எழுதினாள். அப்படியானால் ஒரு மாசம்தான் என்று முதலில் சொன்னது பெரியப்பா இல்லை, நீதான். ஹெர்த்தா அந்த இரண்டு இடத்தையும் மாடிவீட்டுக் கிழவனுக்கும் கிழவிக்கும் விட்டுக்கொடுத்தாள். அந்தக் கிழவனும் கிழவியும் இந்நேரம் ஷாங்காயில் எங்கேயோ டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். நல்லாயிருக்கட்டும். நல்லாயிருக்கட்டும், ஆனால் அந்த இடம் ரூத்துடையது. இப்படி நினைக்கலாமா ஒருத்தி? நினைத்தாள். போன மாசம் டாக்டர்கள் கூடிய விருந்தில் ஒருத்தர், ஐரோப்பாவிலிருந்து டாக்டர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினால் நம் கதி என்ன, நமக்கே நோயாளி பத்தவில்லை என்றார். நாலு பேர் ஆமாம் போட்டார்கள். அவள் பாயசத்தைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்து சண்டை போட வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் அவள் வாயில் ஏதோ ஒரு பாயசம் இருந்திருக்கிறது. வியாழக்கிழமை அந்தத் துறைமுகம் எப்படி இருக்கும்? கப்பல் புறப்படுகிற அன்றைக்கு விசா இல்லாமல் அங்கே வந்து நிற்கிறவர்களைப் போலீஸ் பிடித்து ஜெர்மனி எல்லைக்குப் போகிற ரயிலில் ஏற்றிவிடுகிறது என்று இதற்கு முன்னால் வந்த கடிதத்தில் இருந்தது. ரூத்துக்குச் சிவப்புக் கோட்டு, போட்டோவில் கறுப்பாகத்தான் தெரியும், சிவப்பு என்று ஹெர்த்தா பின்னால் எழுதியிருந்தாள். அந்தச் சிவப்புக் கோட்டை ஒரு போலீஸ்காரன் கையைப் பிடித்து... வேண்டாம். வேண்டாம் தாயே, வைத்தீஸ்வரன் கோயில் அம்மன் பேரைத்தானே எனக்கு வைத்தார்கள், நோய் தீர்க்கிறவள்தானே நீ, இந்தக் கதவைத் திறந்துவிடு, வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை.

கதவு திறந்தது. சூப்பிரண்டு பராங்குசம் நாயுடுவே வெளியில் வந்தார். அவர் மகளுக்கு இரட்டைப் பிள்ளை, இரண்டையும் உயிரோடு எடுத்துக் கொடுத்தது இவள்தான். அதனால்தான் இந்த பெஞ்சுவரைக்குமாவது வர முடிந்தது. "உள்ள வாங்க டாக்டரம்மா, உங்களப் போய் வெளியில உக்காரவெச்சுட்டேன்" என்றார், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்க்காமல் பேசுகிறவர்களை அவளுக்குத் தெரியும், தாய் பிழைக்க மாட்டாள் என்று புருஷனிடம் சொல்லப் போகும்போது அவளும் இப்படித்தான் சுவரைப் பார்ப்பாள். நாற்காலியில் உட்கார்ந்தாளா நின்றாளா, அது ஞாபகம் இல்லை. நாயுடு மேஜை மேலிருந்த காகிதக் கட்டை அவிழ்த்தார். "மறைக்க ஒண்ணுமில்லம்மா. உங்க மனு மஞ்சூராயிடுச்சு, அனுமதி குடுத்துட்டாங்க. சிம்லாவுலேருந்து சனிக்கிழமைத் தபால்ல வந்தது. அன்னிக்கு அரை நாள் ஆபீஸ். இன்னிக்குக் காலைல தந்தி அடிச்சிருக்கணும்." மஞ்சூராயிடுச்சு. மஞ்சூராயிடுச்சு என்றாரா? "அப்ப அடிங்க நாயுடுகாரு, இப்பவே அடிங்க, வியாழக்கிழமைதானே கப்பல், நேரம் இருக்கே!" என்று மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஆகவே அதுவரைக்கும் உட்கார்ந்துதான் இருந்திருக்கிறாள். நாயுடு இன்னும் சுவரைத்தான் பார்த்தார். "ராத்திரி வேற உத்தரவு வந்துடுச்சும்மா. ஜெர்மன் பாஸ்போர்ட் வெச்சிருக்கற எல்லாரும் இனிமே எதிரி நாட்டுப் பிரஜைங்க. குடுத்த விசாவெல்லாம் ரத்து. குடுக்காதது குடுக்கவே கூடாது." "அவ ஜெர்மன் இல்லைன்னுதானே அங்க அவளை வெரட்டறாங்க?" "வாஸ்தவந்தாம்மா. ஆனா பாஸ்போர்ட்டு ஜெர்மன் பாஸ்போர்ட்டு." "அதுல யூதச்சின்னு செகப்பு எழுத்துல முத்திரை குத்தியிருக்கானே, அதப் பாருங்களேன். எதிரிக்கு எதிரிதானே அவ? இதுகூடவா தொரைக்குத் தெரியாது?" "முத்திரைக்குன்னு தனி ரூல் ஒண்ணும் வரலியேம்மா." "ஆறு வயசுக் கொழந்தை கூடவா எதிரி?" நாயுடு உத்தரவை எடுத்து நிஜமாகவே இன்னொரு தரம் படித்தார், நல்ல மனுஷர், ஏதாவது ஓட்டை கிடைக்குமா என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். "வயசு ஒண்ணும் போடலம்மா" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம் அவர். ஆறுதல் சொல்லத் தெரியாதவர்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தால் என்ன? "என் வயித்தெரிச்சல் என்ன தெரியுமா டாக்டரம்மா" என்று தொடங்கினார். "போன ஆடி மாசம் பூரா இந்த செக்‌ஷன்ல நாங்க ஈ ஓட்டிக்கிட்டுதான் உக்காந்திருந்தோம். நம்ம ஜனங்க ஆடியில எதுலயும் கையெழுத்துப் போட மாட்டாங்களே, பாஸ்போர்ட்டுக்கும் ஆள் இல்ல, பத்திரத்துக்கும் ஆள் இல்ல. அப்ப வந்திருந்தா ஒரே வாரத்துல சிம்லா போய்த் திரும்பியிருக்கும். ஆவணி பொறந்துச்சோ இல்லியோ, அம்புட்டும் ஒரே நாள்ல கட்டுக் கட்டா வந்து விழுந்துச்சு. அதுல உங்களுது அடியில போயிடுச்சு." அப்படியா என்றாள் தையல்நாயகி. அப்படியா. ஊர் முழுக்க நல்ல நாள் பார்த்துக்கொண்டு ஒன்றாகக் கூடி வந்து, அந்த நல்ல நாளாலேயே அவளுடைய காகிதத்தை அமுக்கிவிட்டார்கள். பெரியப்பா, நீங்க மஞ்சள் தடவிக் குடுத்தீங்களே பெரியப்பா, அதுக்கு மேல யாருடைய மஞ்சளெல்லாமோ ஏறி உக்காந்துடுச்சு. காலையில் கிளம்பும்போது பெரியப்பா மரவாடிக்குப் போகாமல் வாசலிலேயே நின்றார், சண்டை வந்தால் மரம் விலை இரட்டிப்பாகும் என்று யாரோ வந்து சொன்னதற்கு, போய்யா அந்தாண்டை என்று எரிந்து விழுந்தார். அவருக்கு ஏற்கெனவே உறைத்துவிட்டது போல. அவரிடம் போய் இதைச் சொல்லப்போகிறாளா? சொன்னால் அந்த மனுஷர் தாங்குவாரா? சொல்லாவிட்டால் இவள் தாங்குவாளா? நாயுடு ஜாமீன் பத்திரத்தை எடுத்து, தூசி தட்டி, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார். "இதைப் பத்திரமா வெச்சுக்குங்க. செல்லாமப் போயிடல. சண்டை எத்தனை நாளைக்கு நடக்கும்? ஆண்டவன் இருக்கான். தை பொறந்தா வழி பொறக்கும்மா." கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு என்றால் வயிற்றிலிருந்து கிளம்பியது, நிறுத்த முடியவில்லை, பக்கத்து மேஜைக் குமாஸ்தாக்கள் பேனாவை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஆடி போகட்டும் என்று ஒருத்தர், தை பிறக்கட்டும் என்று ஒருத்தர், பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாடே உட்கார்ந்திருக்கிறது, அங்கே ஒருத்தி பிள்ளையோடு கடற்கரையில் நிற்கிறாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை. "அம்மா, தண்ணி குடிங்க" என்று நாயுடு கெஞ்சினார். அவர் கண்ணிலும் தண்ணீர். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கண்ணீரைக் காட்டினால் கப்பலில் ஏற்றிக்கொள்வானா?

வெயிலில் வந்து விழுந்தபிறகுதான் புத்தி கொஞ்சம் வேலை செய்தது. விசா இல்லை, சரி. இல்லை என்று ஹெர்த்தாவுக்குத் தெரிய வேண்டுமே! தெரியாவிட்டால் கடைசி நிமிஷம் வரைக்கும் வரும் வரும் என்று நம்பி வியாழக்கிழமை பெட்டியும் குழந்தையுமாகத் துறைமுகத்துக்கே போய் நிற்பாள், நேரே போலீஸ்காரன் கையில் போய் விழுவாள். போகக் கூடாது. எங்கே போவது? ஜூலியா! வியன்னாவில் கூடப் படித்த இத்தாலிக்காரி, ட்ரியெஸ்டுக்கு மேலே மலையில்தான் எங்கேயோ ஒரு கிராமத்தில் டாக்டராக இருக்கிறாள், வருஷா வருஷம் இரண்டு பேருக்கும் வாழ்த்து அட்டை அனுப்புவாள், பெரிய உடம்பு, பெரிய குரல், யாருக்கும் பயப்படாதவள். அவள் வீட்டில் ஒரு உள் அறை இல்லாமலா போகும்? இது எப்படி இத்தனை நேரம் தோன்றவில்லை? தையல்நாயகி ரிக்‌ஷாவுக்குக்கூட நிற்காமல் நடந்தாள், நடந்தாள் என்ன, புடைவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள், நாற்பது வயசு டாக்டரம்மா கடற்கரைச் சாலையில் ஓடுவதைப் பார்த்து ஒரு ஜட்கா வண்டிக்காரன் வண்டியையே நிறுத்திவிட்டான். தந்தி ஆபீஸில் கூட்டம் நெரிந்தது. மார்வாடிகளும் செட்டியார்களும் விலை கேட்டும் விலை சொல்லியும் தந்தி கொடுக்க முண்டிக்கொண்டு நின்றார்கள். "ஐயா, உயிர் போற விஷயம், கொஞ்சம் வழிவிடுங்க" என்று கும்பிட்டாள், ஆஸ்பத்திரித் தந்தி என்று நினைத்து விட்டுவிட்டார்கள், பாவம் நல்ல ஜனங்கள்தான், யாரைக் குறை சொல்வது. காகிதத்தை வாங்கி எழுதினாள். விசா கிடையாது. துறைமுகம் போகாதே. உடனே ஜூலியாவிடம் போ. எழுதிவிட்டுப் பார்த்தாள். என்னை மன்னித்துவிடு என்று எழுத இடம் இருந்தது. எழுதவில்லை. அதைப் படிக்கிற நேரத்தில் ஹெர்த்தா நாலு படி இறங்கித் தப்பியிருக்கலாம். கம்பிக்குப் பின்னாலிருந்த குமாஸ்தா சின்ன வயசு, நெற்றியில் சந்தனம், காலையிலிருந்து எழுதி எழுதிச் சோர்ந்துபோன முகம். வாங்கிப் படித்தான், விலாசத்தைப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான். "இத்தாலியா? துறைமுகம்னு வேற எழுதியிருக்கீங்களே. இன்னிலேருந்து வெளிநாட்டுத் தந்தியெல்லாம் சென்சார் பார்த்துத்தாம்மா அனுப்பணும். வேணும்னா குடுத்துட்டுப் போங்க." "வியாழக்கிழமைக்குள்ள போய்ச் சேரணும்பா. சேந்துடுமா?" அவன் பின்னால் கையைக் காட்டினான். அங்கே ஒரு கூடை. கூடை நிறையத் தந்திகள், அதற்கு மேலே தந்திகள், நிரம்பித் தரையிலும் சரிந்து கிடந்தன. அவளுடையதை வாங்கி முத்திரை குத்தி அந்தக் குவியலின் மேல் வைத்தான். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து ஜன்னல் குமாஸ்தா ஒரு கத்தையைக் கொண்டுவந்து அதன் மேல் போட்டான். "போகும்மா. கண்டிப்பாப் போகும்" என்றான் சந்தனக்காரப் பையன், அவன் குரலில் நிஜமாகவே பரிவு இருந்தது. "எப்போன்னு மட்டும் கேக்காதீங்க." பின்னாலிருந்தவர், ஆச்சும்மா, கொஞ்சம் நகருங்க என்றார். அவள் நகரவில்லை. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்தக் கூடையையே பார்த்தபடி நின்றாள்.

"எப்போ?" என்றாள்.